குளிர்காலத் தீனி இருக்கும் அளவுக்குத்தான் மாடு: தோர்பெல் கிராமம், கேள்வி பதில்

சுவிட்சர்லாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் எடுத்துக்கொண்ட ஊர் தோர்பெல். ஸெர்மாட் என்ற சுற்றுலா ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் இதன் அடிவாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மொத்தம் 500 பேர்தான் இருப்பார்கள். ஆனால் பொருளாதாரம் படித்தவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருச்சியிலிருந்து): சரியாக எங்கே இருக்கிறது? பனிமலை உச்சியிலா?

உச்சியில் இல்லை, சரிவில். நாட்டின் தென்மேற்கில் வாலிஸ் மாநிலம். அங்கே ரோன் ஆற்றங்கரையில் ஃபிஸ்ப் என்ற சிறுநகரம். அதிலிருந்து தெற்கே ஃபிஸ்பா ஆற்றை ஒட்டி ஏறினால் ஷ்டால்டன் வரும். அதற்கு மேலே, மேற்குப் பக்கச் சரிவில், ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் தோர்பெல். ஊருக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே 2000 மீட்டரைத் தாண்டினால் மோஸால்ப் என்ற மேய்ச்சல் வெளி. பேச்சு ஜெர்மன்தான், ஆனால் ஜூரிக் நகரத்துக்காரர்களே திணறுகிற வாலிஸ் வழக்கு.

கேள்வி (கோவையிலிருந்து): படங்களில் எங்கே பார்த்தாலும் பச்சை. மழைக்கு என்ன குறை?

குறைதான். இரண்டு பக்கமும் 4000 மீட்டர் மலைகள் நின்று மேகத்தை மறித்துவிடுகின்றன. ஷ்டால்டன் வட்டாரம் சுவிட்சர்லாந்திலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. நீங்கள் பார்க்கும் பச்சை, மேலேயிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரின் பச்சை. உருகும் பனியின் நீரைச் சரிவின் குறுக்கே, மிக மெல்லிய சாய்வில் கிலோமீட்டர் கணக்கில் நடத்திக்கொண்டு வருவார்கள். பாறை குறுக்கிட்டால் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு அதில் ஓட விடுவது பழைய முறை. இந்த வாய்க்கால்களுக்கு ஜெர்மனில் சுவோனே என்று பெயர்.

தண்ணீர் முறை மணிக்கணக்கில். மேல் வாலிஸில் யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை மரக்கட்டையில் வெட்டுக்குறியாகச் செதுக்கி வைத்தார்கள். அந்தக் கட்டை கையில் இருந்தால் உரிமை இருக்கிறது என்று அர்த்தம், பத்திரம் மாதிரி. ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் இங்கே வந்து தங்கி ஆராய்ந்தபோது, முழு முறைப்பட்டியலையும் ஒப்பிக்கக்கூடிய ஒரே ஆள் என்று யாரும் இல்லை. அவரவர் முறை அவரவருக்குத் தெரியும், முன்னால் யார் பின்னால் யார் என்று தெரியும், அவ்வளவுதான். அதிலேயே ஊர் ஓடியிருக்கிறது.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ, சுவிட்சர்லாந்து உட்பட ஏழு ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரியப் பாசன முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி (சென்னையிலிருந்து, பொருளாதார மாணவி): சார், அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரோம் எழுதியதில் இந்த ஊர் வருகிறது. அந்த மாட்டுக் கணக்கு விதியைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில், எது யாருக்குச் சொந்தம்? கம்பு போன்ற ரை பயிரிடும் வயல், தோட்டம், திராட்சைத் தோட்டம், புல் அறுக்கும் நிலம் எல்லாம் தனியார் சொத்து. மேலே உள்ள மேய்ச்சல், காடு, தரிசு, பாசனம், பாதைகள் எல்லாம் பொது. 1483-ல் ஊர்க்காரர்கள் கூடி, பொது நிலங்களைக் கவனிக்க ஒரு சங்கம் அமைத்து எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் இருக்கிறது. 1517-ல் வந்தது அந்த விதி: குளிர்காலம் முழுக்க எத்தனை மாட்டுக்குத் தீனி போட உன்னால் முடியுமோ, அத்தனை மாட்டை மட்டும்தான் கோடையில் மேலே அனுப்பலாம்.

கேட்க எளிது. அதன் சூட்சுமத்தைப் பாருங்கள். கோடையில் மலைப்புல் இலவசம். விதி இல்லாவிட்டால், பணமுள்ளவர் வசந்தத்தில் கீழே சந்தையில் பத்து மாடு வாங்கி, ஊர்ப்புல்லில் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்றுவிட்டுப் போவார். விதி வந்ததும் அந்த வழி அடைபட்டது. குளிர்காலத் தீனி என்பது உங்கள் சொந்த நிலத்தில், உங்கள் கையால் அறுத்து, காயவைத்து, முதுகில் மூட்டையாகத் தூக்கிக் கொட்டிலில் அடுக்கிய புல். அதை ஒளித்து வைக்கவும் முடியாது, இருப்பதாகக் கதை விடவும் முடியாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அளவுகோல் கண்ணெதிரில் இருக்கும்போது தகராறு பாதி குறைந்துவிடும்.

புல்லை ஒரே இடத்தில் குவிக்கவும் மாட்டார்கள். சரிவெங்கும் சிதறிய சின்னச் சின்னக் கொட்டில்களில் இருக்கும். ஒன்றில் தீர்ந்ததும் மாட்டை அடுத்ததற்கு ஓட்டிப் போவார்கள். அந்தச் சரிவில் தீனியைச் சுமப்பதைவிட மாட்டை நடத்துவது லேசு, சாணமும் வேண்டிய வயல் பக்கத்திலேயே விழும்.

அதே மாணவி: மீறினால்?

அபராதம். அதை வசூலிக்க ஊர் ஓர் ஆளை நியமித்தது. வசூலில் பாதி அவருக்கே. பிறகு அவர் கண்ணயர்வாரா என்ன! அப்புறம், பாலாடைக்கட்டியும் இருக்கிறது. எல்லார் மாட்டுப் பாலையும் மேலேயே சேர்த்துக் காய்ச்சி, கோடை முடிவில் யார் எத்தனை மாடு அனுப்பினாரோ அந்தக் கணக்கில் பிரிப்பார்கள். கணக்கு எல்லார் முன்னாலும் நடப்பதால் ஏய்ப்பது கடினம். காட்டு மரத்துக்கும் இதே நேர்மை: வெட்ட வேண்டிய மரத்தைக் குறித்து, குடும்பங்கள் குழுவாக வெட்டி, சமமான குவியல்களாக அடுக்கி, எந்தக் குவியல் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள்.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் பொது மேய்ச்சல் என்றாலே அழிவுதான் என்று எழுதிப் புகழ்பெற்றார். நெட்டிங் சேகரித்த இந்த விவரங்களை ஆஸ்ட்ரோம் எடுத்து, அப்படிக் கட்டாயமில்லை என்று காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டின் சொன்னது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். தோர்பெல்லில் இருந்தது சொந்தக்காரர்கள் பலர் உள்ள நிலம். இரண்டும் வேறு.

கேள்வி (மதுரையிலிருந்து): கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கிறதே.

அப்படி நினைக்க வேண்டாம். பொது உரிமை ஊர்க் குடிகளுக்கு மட்டும். வெளியாள் காசு கொடுத்து நிலம் வாங்கினாலும், மேய்ச்சலுக்கோ காட்டுக்கோ போக முடியாது. அதுவும் பழைய விதிகளில் எழுதப்பட்டதே. குடியுரிமை தந்தை வழியில் வந்தது. சொத்து மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் பிரிந்தது, அது நல்லது. ஆனால் நிலம் துண்டு துண்டாகியது. வீட்டில் மாடி ஒருவருக்கு, கீழ்த்தளம் இன்னொருவருக்கு, கொட்டிலில் கால் பங்கு மூன்றாமவருக்கு என்று போகும். கையில் நிலம் வரும்வரை கல்யாணம் தள்ளிப்போகும். பலர் கடைசிவரை கல்யாணமே செய்யவில்லை, சிலர் ஊரை விட்டே போனார்கள். புல்லுக்கும் மாட்டுக்கும் இருந்த சமநிலைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை கூடியது என்பது நெட்டிங்கின் கணக்கு.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சற்றுத் தள்ளியிருக்கும் உன்டர்பேக் என்ற சின்ன ஊரில் 1957-ல் 33 பெண்கள் போய் வாக்களித்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அந்த வாக்குகள் எண்ணப்படவில்லை. சட்டப்படி தேசிய வாக்குரிமை வர 1971 ஆனது.

கேள்வி (பாண்டிச்சேரியிலிருந்து): என்ன சாப்பிடுவார்கள்?

ரை ரொட்டி, பாலாடைக்கட்டி, காய வைத்த இறைச்சி, கீழே விளைந்த திராட்சையின் ஒயின். முன்பு ஊர்ப் பொது அடுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் ரொட்டி சுட்டார்கள். மாதக்கணக்கில் வைத்த ரொட்டி கல்லாகிவிடும். அதை வெட்டப் பலகையில் கீல் வைத்துப் பூட்டிய தனிக் கத்தி உண்டு. தானியம் வைக்கும் மரக்களஞ்சியம் கால்களின் மேல் நிற்கும். காலுக்கும் அறைக்கும் நடுவே வட்டமான தட்டைக்கல். எலி காலில் ஏறினாலும் கல்லின் அடிப்பக்கத்தைச் சுற்றி ஏற முடியாது.

கேள்வி (தஞ்சையிலிருந்து): இப்போதும் எல்லாரும் மாடு மேய்க்கிறார்களா?

இல்லை. கீழே ஃபிஸ்பில் லோன்சா ரசாயன ஆலை வந்த பிறகு, ஷிப்ட் முடித்துவிட்டு வந்து புல் அறுக்கும் தலைமுறை ஒன்று உருவானது. இன்று மாடு வைத்திருப்பவர்கள் சிலரே. மாடர்னாவின் கொரோனா தடுப்பூசி மூலப்பொருள் அதே ஃபிஸ்ப் ஆலையிலும் தயாரானது.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): 2025-ல் பனியாறு சரிந்து ஒரு கிராமமே புதைந்ததே, இதுவா?

இல்லை, அது பிளாட்டன். ரோனுக்கு வடக்கே லோட்ஷன் பள்ளத்தாக்கில், 2025 மே 28 அன்று நடந்தது. சுமார் 300 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். தோர்பெல்லுக்கு மேலே அப்படிப்பட்ட பனியாறு கிடையாது. ஆனால் இந்த வட்டாரம் ஆபத்தே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 1855 ஜூலையில் ஃபிஸ்ப், ஷ்டால்டன் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. 1991-ல் இதே பள்ளத்தாக்கில், இன்னும் தெற்கே, ரான்டாவில் மலையே சரிந்து சாலையையும் தண்டவாளத்தையும் மூடியது, உயிர்ச்சேதம் இல்லை.

கேள்வி (பேர்னிலிருந்து): அண்ணை, பிள்ளைகளோடு ஒரு நாள் போய் வரலாமோ?

தாராளமாக. 2007-ல் லோட்ஷ்பெர்க் அடிச்சுரங்கம் திறந்த பிறகு பேர்னிலிருந்து ஃபிஸ்புக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அங்கிருந்து ஸெர்மாட் போகும் சிவப்பு ரயிலில் ஷ்டால்டன், பிறகு மஞ்சள் தபால் பேருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் வாய்க்கால் ஓரம் நடக்கலாம். குளிர்காலத்தில் மோஸால்ப் சாலையை மூடிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சில இடங்களில் பாதை ஒடுக்கம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் பேருந்தின் நேரத்தையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டிவரும்.