நம்ம வீட்டுப் பொண்ணு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 26 வயது. மேற்கு மாம்பலத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். விஸ்காம் படித்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் மூன்று வருடம் டிசைனராக இருந்தேன். போன வருடம் அதை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். லோகோ, வெப்சைட் டிசைன், இன்ஸ்டா போஸ்ட், பேக்கேஜிங், எது வந்தாலும் செய்கிறேன்.

வேலை வருகிறது, பணம்தான் வருவதில்லை. ஒரு ஜவுளி நிறுவனத்துக்குத் தீபாவளி விளம்பரம் முழுவதும் நான்தான் செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஏழெட்டு ரிவிஷன். அட்வான்ஸ் 15,000 வந்தது. மீதி 68,000 ஐந்து மாதமாக நிற்கிறது. முதலாளி அப்பாவின் நண்பருக்குத் தெரிந்தவர். போன் செய்தால், "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்கிறார். அதற்குமேல் எனக்குப் பேச வராது. வாட்ஸ்அப்பில் பத்து தடவை டைப் செய்து அழித்துவிட்டு, கடைசியில் "அங்கிள், ஃப்ரீயா இருக்கும்போது பாருங்க" என்று ஒரு ஸ்மைலியோடு அனுப்புகிறேன். ப்ளூ டிக் வரும். பதில் வந்தால் "அடுத்த வாரம்மா".

பொங்கலுக்கு இன்னொரு கிளையண்ட் ஏ.ஐ.யில் தானே ஒரு போஸ்டர் செய்து அனுப்பி, "டிசைன் ரெடி, லேசா டச்-அப் பண்ணிக் குடுங்க, பாதி ரேட் போதும்ல?" என்று கேட்டார். அதில் 'பொங்கல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள். பானைக்கு மூன்று வாய். முழுவதையும் திரும்ப வரைந்தேன். இரண்டு நாள் ஆனது. பாதி ரேட்தான் வாங்கினேன்.

வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தால் நான்தான் எழுந்து போக வேண்டும். பேங்குக்கும் நான்தான். அத்தை போனில் "பொண்ணு எங்க வேலை பாக்குறா?" என்று கேட்டால் அம்மா "வீட்டுலதான் இருக்கா" என்கிறார். நேற்று கரண்ட் பராமரிப்பு என்று ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை நிறுத்திவிட்டார்கள். லேப்டாப் சார்ஜ் தீர்ந்ததும் உட்கார்ந்து அழுதேன்.

திரும்ப வேலைக்குப் போய்விடலாமா? பணம் கேட்க வெட்கப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவருமா?

எஸ்.,
சென்னை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த ஸ்மைலி. நானும் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றவன்தான்.

1990களின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி, மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பதிப்பகம். காளான் வளர்ப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் செய்யச் சொன்னார்கள். 180 பக்கம், பக்கத்துக்குப் பத்து ரூபாய். அந்த 1,800 ரூபாயை நம்பி மெஸ்ஸில் கடன் சொல்லியிருந்தேன். புத்தகம் அச்சாகி, கடைக்கும் போய்விட்டது. நான் ஆறு முறை நடந்தேன். முதலாளி ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. "வாங்க தம்பி" என்பார், டீ சொல்வார், அவருடைய பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசுவார். டீயைக் குடித்த பிறகு காசைப் பற்றி எப்படிப் பேசுவது? எழுந்து வந்துவிடுவேன்.

ஆறாவது முறை படியிறங்கும்போது, மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த கணக்கர் கூப்பிட்டார். வயதானவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. "தம்பி, பில்லு குடுத்தீங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "முதலாளி சரின்னு சொன்னாலும் நான் எதை வச்சு வவுச்சர் போடுறது? எனக்கு ஒரு காகிதம் வேணும்ல?" என்று கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, புத்தகத்தின் பெயர், பக்கம், விகிதம், மொத்தம். "எனக்கு வர வேண்டிய தொகை" என்ற வரியை எழுதும்போது கை நடுங்கியது, இன்றும் நினைவிருக்கிறது. அவர் அதை வாங்கிக் குண்டூசியால் கோப்பில் குத்தினார். எட்டாம் நாள் செக் வந்தது. முதலாளி மாறவே இல்லை. அடுத்த முறையும் டீ சொன்னார்.

ஆறு மாதம் நான் அவருடைய மனசிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் அவருடைய கணக்கிடம் கேட்டது.

உங்கள் கடிதம் முழுவதும் தேடினேன். போன் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, பில் என்ற சொல்லே இல்லை. நம் ஊரில் உறவு சொல்லிக் கூப்பிடாமல் வியாபாரம் நடக்காது. காய்கறிக்காரர் அக்கா, ஆட்டோக்காரர் அண்ணா. அந்த அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜவுளிக்கடைக்காரர் உங்களை உண்மையிலேயே வீட்டுப் பெண்ணாக நினைக்கலாம். சிக்கலே அங்கேதான். வீட்டுப் பெண்ணுக்கு யாரும் தேதி குறித்துப் பணம் கொடுப்பதில்லை, நல்ல நாளில் கையில் ஏதாவது வைப்பார்கள். அதே மனிதருக்கு ஈரோட்டிலிருந்து துணி அனுப்புகிறவரும் 'அண்ணாச்சி'தான், மச்சான் முறைகூட இருக்கலாம். ஆனாலும் அவருக்குத் தேதிக்குச் செக் போகிறது, ஏனென்றால் அவருடைய சரக்கோடு பில்லும் வருகிறது. நீங்கள் அங்கிள் என்றே கூப்பிடுங்கள். பில் மட்டும் நிறுவனத்தின் பெயருக்கு, அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் மின்னஞ்சலுக்குப் போகட்டும். பில் எண், தேதி, உங்கள் பான் எண், வங்கிக் கணக்கு, எந்தெந்த விளம்பரத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், வாங்கிய அட்வான்ஸ், மீதி, எந்தத் தேதிக்குள் வேண்டும். ஸ்மைலி வேண்டாம்.

வாட்ஸ்அப் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள். "அடுத்த வாரம்மா" என்ற அவருடைய ஒவ்வொரு பதிலும் உங்கள் பாக்கிக்கு அவரே கொடுத்த சாட்சி. செய்த வேலைக்கான கூலியை நீதிமன்றத்தில் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அந்த எல்லைக்குப் போகத் தேவையிருக்காது என்று நம்புகிறேன், ஆனாலும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் போனில் உங்கள் குரல் மாறும்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்குமேல் கொடுக்கும் நிறுவனம் பொதுவாகப் பத்து சதவீதத்தை டி.டி.எஸ். என்று, அதாவது உங்கள் வருமான வரியாக முன்கூட்டியே பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும் (2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000). வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழ் அது தெரியும். அட்வான்ஸுக்கு மட்டுமல்லாமல் மொத்தத் தொகைக்கும் அங்கே வரி ஏறியிருந்தால், உங்கள் பாக்கியை அவர்கள் கணக்கில் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் "பாக்கலாம்மா" என்பதற்கு இடமே இல்லை. உங்கள் மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் பிடித்த பணம் ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் திரும்ப வரும். அது அரசு தரும் சலுகை என்று நினைத்து எத்தனையோ பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பணம் அது.

இனி வரும் வேலைகளுக்காக, இந்த வாரமே உத்யம் என்ற, குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல. தனி ஆளாக ஓர் அறையில் உட்கார்ந்து டிசைன் செய்கிற நீங்களும் சட்டத்தின் கண்ணில் ஒரு குறுந்தொழில். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராதவர்மீது முறையிட ஒரு மன்றமும் உண்டு, அரசின் இணையத் தளம் வழியாகவே மனு கொடுக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. இப்படிக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை, அந்த நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. இதையெல்லாம் மிரட்டலாக எழுத வேண்டாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டால் போதும், மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் கண்ணில் அது படும். பதிவுக்கு முன்பு செய்த தீபாவளி வேலைக்கு இந்தச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்குப் பில்லும் விடாத பேச்சும்தான்.

பொங்கல் போஸ்டர் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. அந்த மனிதர் அனுப்பியது டிசைன் அல்ல, தனக்கு என்ன வேண்டும் என்பதைக் காட்டும் ஒரு மாதிரி. முன்பு பழைய காலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்து "இது மாதிரி" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எழுத்துகள் தமிழே இல்லை என்று கண்டுபிடித்தது உங்கள் கண். அப்படியே அச்சுக்குப் போயிருந்தால் பொங்கலன்று கடை வாசலில் ஊரே நின்று சிரித்திருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக வரைந்த வேலைக்கு 'டச்-அப்' என்ற பெயரை நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், அந்த இடத்தில்தான் பாதி ரேட் போனது. அடுத்த முறை படத்தைப் பார்த்ததும், வேலையைத் தொடும் முன்பு, "இது புதிதாகச் செய்ய வேண்டியது, தொகை இவ்வளவு" என்று ஒரு வரி அனுப்புங்கள். எத்தனை ரிவிஷன் வரை அந்தத் தொகைக்குள், அதற்குமேல் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். கூடவே "முழுத் தொகை வந்தபிறகே உரிமை மாறும்" என்று சேருங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு இருப்பவர் செய்த வேலைதான் முதலாளிக்குச் சொந்தம். வெளியிலிருந்து செய்து தருகிறவரின் படைப்பு, புகைப்படம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர் கையெழுத்திட்டு மாற்றித்தரும்வரை அவருடையதே. ஏஜென்சியில் இருந்தபோது உங்களுக்கு இல்லாத ஓர் உரிமை இப்போது இருக்கிறது.

வேலைக்குத் திரும்பினால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் 68,000 கையில் வந்தபிறகு யோசித்து முடிவெடுங்கள். கரண்ட் போன மதியத்தில், அழுது முடித்த கண்ணோடு எடுக்க வேண்டாம்.

தனிமை பற்றி நீங்கள் நேரடியாக எழுதவில்லை, இருந்தாலும் எல்லா வரியிலும் அது இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டைவிட்டு வெளியே போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களை எடுத்துப்போய்ப் படிக்கவே ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நாள் முழுவதும் அங்கே இருப்பார்கள். கிளையண்டோடு போனில் பேச முடியாது, அதனாலேயே நல்ல இடம். யோசித்துக் கோடு போடுகிற வேலைகளை அந்த நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் தாண்டும்போது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். 1966இல் தொடங்கியது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். படித்து முடித்த பிள்ளைகள் ஓவியத்தை நம்பிச் சாப்பிட முடியவில்லை, வேலைக்குப் போனால் தூரிகை காய்ந்துவிடுகிறது. அதனால் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் சேர்ந்து செய்து, சங்கமாக விற்று, அந்தப் பணத்தில் அந்த மணல்வெளியை வாங்கினார்கள். ஆளுக்கொரு இடம். அவரவர் ஓவியம் அவரவருடையது, துணி விற்பனை சங்கத்தின் வழியாக. எனக்கு அந்தக் கதையில் ஓவியங்களைவிட அந்தப் பாத்திக் துணிமேல்தான் மரியாதை அதிகம்.

உங்களுக்கு நிலம் வேண்டாம். உங்களோடு படித்தவர்களில் இரண்டு மூன்று பேராவது இதே நிலையில் இருப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பாண்டி பஜாரில் ஒரு காபி. யார் என்ன ரேட் சொல்கிறார்கள், எந்த கிளையண்ட் இழுத்தடிக்கிறார் என்று ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கிக்கான போனை அவர்களில் ஒருத்தி செய்யட்டும், அவளுடையதற்கு நீங்கள் செய்யுங்கள். "எஸ். அவர்களின் அக்கவுண்ட்ஸ் விஷயமாகப் பேசுகிறேன்" என்று இன்னொருவருக்காகக் கேட்கும்போது நாக்கு தடுக்காது. நானும் என் மேன்ஷன் அறை நண்பனும் இரண்டு வருடம் இப்படித்தான் வசூல் செய்தோம்.

பில்லை இன்றே எழுதுங்கள். எண் 1 என்று போடுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து அம்மாவிடமும் காட்டுங்கள், அதில் உங்கள் பெயரும் தொழிலும் தொகையும் அச்சில் இருக்கும். அடுத்த முறை அத்தை போனில் கேட்கும்போது அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.