ஒரே ஒரு ரன்னில் போன கோடை

கேள்வி: சான் டியேகோவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வேலைக்கு வந்த இடத்தில் பாட்ரேஸ் பேஸ்பால் அணி மீது பைத்தியம் பிடித்துக்கொண்டது. 2022 அக்டோபரில் பக்கத்து ஊர் எதிரியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை வீட்டுக்கு அனுப்பிய அந்த மழை இரவில் நானும் என் பையனும் பாட்ரேஸின் மைதானமான பெட்கோ பார்க்கில் நனைந்துகொண்டே கத்தினோம். அந்த ஜோரில் 2023க்குப் பாதி சீசன் டிக்கெட் வாங்கிவிட்டேன். மனைவி அப்போதே வேண்டாம் என்றாள். கடைசியில் பாட்ரேஸ் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்கே போகவில்லை. மேனேஜர், ஆட்களை வாங்கிய ஜெனரல் மேனேஜர், 28 கோடி டாலருக்கு ஒப்பந்தமான ஆட்டக்காரர் என்று ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தேன். பணத்தைத் தண்ணீராய் இறைத்த உரிமையாளரையும் விடவில்லை. நவம்பரில் அவர் இறந்துபோனார். மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. இன்னமும் ராத்திரி படுத்தபடி தோற்ற ஆட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில், ஜப்பானிய நட்சத்திரம் ஒட்டானி டாட்ஜர்ஸில் சேர்கிறார் என்று செய்தி வந்த மறுநாள், பத்து வயதுப் பையன் "இனிமேல் நானும் டாட்ஜர்ஸ்தான்" என்கிறான். அவனும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் ஆடுகிறான். தோற்றுவிட்டு வந்தால் காரில் ஏறியதுமே யார் யார் சொதப்பினார்கள் என்று வரிசையாகச் சொல்வான், அதில் கெட்டி. அவனை எப்படித் தடுப்பது? நான் எப்படி இதிலிருந்து வெளியே வருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சான் டியேகோ

பதில் (2023 டிசம்பரில் எழுதியது):

அன்பு நண்பருக்கு,

உங்கள் அணி மோசமாக இருந்திருந்தால் ஜூன் மாதமே மனசைத் தேற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். நல்ல அணியாக இருந்ததுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 162 ஆட்டங்களில் 82 வெற்றி, 80 தோல்வி. ஆனால் சீசன் முழுக்க எடுத்த ரன் 752, விட்டுக்கொடுத்தது 648. நூற்று நான்கு ரன் உபரி! பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ஆய்வாளர், இந்த இரண்டு எண்களை வைத்தே ஓர் அணி எத்தனை ஆட்டம் வென்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார். நம் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றத்தின் சாயல் இருப்பதால் அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதில் போட்டால் பாட்ரேஸுக்கு 92 வெற்றி வருகிறது. மிச்சம் பத்து எங்கே போயிற்று? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்கள் 32. அதில் வென்றது 9, தோற்றது 23. ஒன்பது இன்னிங்ஸ் தாண்டி நீண்ட ஆட்டங்கள் 14. அதில் வென்றது இரண்டே இரண்டு, அதுவும் முதல் பன்னிரண்டை வரிசையாகக் கோட்டைவிட்ட பிறகு. பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி ஆரம்பிக்கிறார்களே, அந்த விதி இரண்டு அணிக்கும் பொதுதான். அப்படியிருந்தும் பன்னிரண்டு முறை அந்த ஆள் உங்களுக்கு எதிராகவே ஓடியிருக்கிறார்.

இப்போது மயாமி மார்லின்ஸைப் பாருங்கள். எடுத்த ரன்னைவிடக் கொடுத்தது 57 அதிகம். ஆனால் ஒரு ரன் ஆட்டங்களில் 33 வெற்றி, 14 தோல்வி. 84 வெற்றியோடு பிளேஆஃபுக்குப் போய்விட்டார்கள். அரிசோனாவும் அதே 84தான், அவர்களுக்கும் 15 ரன் பற்றாக்குறை. அவர்கள் உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்று வரைக்கும் போய் டெக்ஸஸிடம் தோற்றார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்தது இரண்டே வெற்றி. இதை எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது, நான் பாட்ரேஸ் ரசிகன்கூட இல்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இந்த விளையாட்டில் பழகவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. இதில் நல்ல அணியே மூன்று ஆட்டத்தில் ஒன்றைத் தோற்கும். ஒரு ரன் ஆட்டம் என்பது பல சமயம் பந்து ஷார்ட்ஸ்டாப் என்ற பீல்டருக்கு இரண்டு அடி இந்தப் பக்கம் போனதா அந்தப் பக்கம் போனதா என்பதுதான். அதை யார் தலையில் கட்டுவது?

நீங்கள் ராத்திரியில் தேடிக்கொண்டிருப்பது குற்றவாளியை. குற்றமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சீசனின் முதல் பாதியில் இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது உங்கள் பேட்டர்கள் அடித்த அழகு ஊருக்கே தெரியும். சம்பளம் வாங்கிய பெரிய தலைகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சுமார்தான். மேனேஜர் பாப் மெல்வினுக்கும் ஜெனரல் மேனேஜர் பிரெல்லருக்கும் ஒத்துவரவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அக்டோபரில் மெல்வின் பக்கத்து வீடு மாதிரி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கே போய்விட்டார். இதையெல்லாம் திட்டுங்கள், தப்பில்லை. ரசிகனுக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் டிக்கெட் எதற்கு?

ஆனால் அந்தப் பட்டியலில் யார் யாரையெல்லாம் சேர்த்தீர்கள் என்று ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் பந்துவீச்சாளர் பிளேக் ஸ்னெல் லீகிலேயே அதிகமாக 99 பேரைத் தப்பான பந்துகள் வீசிச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு, அப்படியும் ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.25 ரன் என்ற சராசரியோடு, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார். பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாத மாதிரி வீசி, ரன் மட்டும் கொடுக்காமல் தப்பித்த அந்த வித்தையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். ஹுவான் சோடோ 162 ஆட்டத்திலும் ஆடினார், 35 ஹோம் ரன். தடைக்காலம் முடிந்து ஏப்ரலில் வந்த டாட்டிஸ், பழகிய இடத்தை விட்டு வலது பக்க மைதானத்துக்குப் போய் அங்கே பீல்டிங்குக்கான பிளாட்டினம் கிளவ் விருது வாங்கினார். கொரியாவிலிருந்து வந்த கிம் ஹா சியோங்குக்கு அதே வகையில் கோல்டு கிளவ் விருது. நீங்கள் திட்டிய 28 கோடிக்காரர் பொகார்ட்ஸ்கூட .285 பேட்டிங் சராசரியில் அடித்திருக்கிறார். சோடோ 2023 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்விட்டார். ஸ்னெல்லுக்கும் 2023 சீசனோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதெல்லாம் தோற்ற ஆட்டங்களை மட்டும்தான்.

உரிமையாளர் பீட்டர் சீட்லர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அது. அமெரிக்க ஃபுட்பால் அணியான சார்ஜர்ஸ் 2017இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிய பிறகு உங்கள் ஊருக்கு மிஞ்சிய பெரிய அணி பாட்ரேஸ்தான். சின்ன ஊர் அணி சின்னதாகத்தான் செலவழிக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் மதிக்கவில்லை. 2023இல் ஏறத்தாழ 25 கோடி டாலர் சம்பளப் பட்டியல், நியூயார்க்கின் மெட்ஸுக்கும் யாங்கீஸுக்கும் அடுத்து மூன்றாவது. (அந்த இரண்டு அணியும் அந்த வருடம் பிளேஆஃப் பார்க்கவில்லை என்பதை யாராவது உங்களிடம் வாய் பேசினால் சொல்லுங்கள்.) 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெட்கோ பார்க்குக்கு வந்தார்கள், அதுவரை அந்த அணியின் சரித்திரத்திலேயே அதிகம். நவம்பர் 14 அன்று 63 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். ஸ்னெல்லுக்கு விருது அறிவித்தது மறுநாள். நீங்கள் அவரைத் திட்டியது அவர் காதில் விழுந்திருக்காது, அதற்காக மருக வேண்டாம். ஆனால் 1969இல் தொடங்கி இன்றுவரை ஒருமுறைகூட உலகத் தொடரை ஜெயிக்காத அணிக்கு, ஜெயிக்கலாம் என்ற நினைப்பைக் கொடுத்த ஆள் அவர். நீங்கள் பாதி சீசன் டிக்கெட் வாங்கியதே அந்த நினைப்பில்தானே?

பையனைப் பற்றிய கேள்வியை நீங்கள் கடைசியில் வைத்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது, அதுவும் நீங்கள் கேட்ட காரணத்துக்காக இல்லை. அவன் தன் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்து காரில் யார் சொதப்பினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறான், "அதில் கெட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து கற்றுக்கொண்டான்? ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மைதானத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முன் சீட்டில் என்ன பேச்சு நடந்தது? பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் தூங்குகிற மாதிரிதான் இருப்பார்கள். பத்து வயதில் தன் அணியில் கேட்சை விட்டவனின் பெயரை மனப்பாடமாக வைத்திருக்கும் பையன், நாளைக்குத் தானே ஒரு கேட்சை விடும்போது அந்தக் காரில் எப்படி ஏறுவான் என்று யோசித்தீர்களா? டாட்ஜர்ஸ் மோகத்திலும் இதுதான் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா திட்டாத அணி ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கிறது. மிச்சப் பாதி ஒட்டானி. அதற்கு மருந்து கிடையாது.

ஆகவே அடுத்த சீசனில் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். ஆட்டம் முடிந்து கார் வீட்டுக்கு வரும்வரை யார் தப்பு என்ற பேச்சு வேண்டாம். ஆட்டத்தில் பார்த்ததைப் பேசலாம், மைதானத்தில் சாப்பிட்டதைப் பேசலாம். பொறுக்கவே முடியாவிட்டால் அவன் தூங்கிய பிறகு, மூச்சை இழுத்துவிட்டு, தனியாகத் திட்டிக்கொள்ளுங்கள். அவன் ஆட்டத்துக்கும் இதே சட்டம்தான்.

அப்புறம், அவனைத் தடுக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் உங்கள் ஊரிலிருந்து 1984இல் கூடைப்பந்து அணியான கிளிப்பர்ஸை, பிறகு சார்ஜர்ஸை, இப்போது உங்கள் பிள்ளையையும் கொண்டுபோகிறது என்ற ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் சீட்லர் யார் பேரன் என்று தெரியுமா? வால்டர் ஓமாலி, டாட்ஜர்ஸை புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுவந்தவர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் பாட்ரேஸுக்காக இவ்வளவு கொட்டினார். இந்தச் சாலையில் வண்டி இரண்டு பக்கமும் போகும். அவன் நீலத் தொப்பி கேட்டால் வாங்கிக்கொடுங்கள். 111 ஆட்டம் வென்ற டாட்ஜர்ஸை 2022இல் நீங்கள் அனுப்பிவைத்ததையும், நூறு ஆட்டம் வென்ற டாட்ஜர்ஸை 2023 அக்டோபரில் அதே 84 வெற்றி அரிசோனா மூன்றுக்கு பூஜ்யம் என்று துடைத்ததையும் அவனே போகப் போகத் தெரிந்துகொள்வான். நீங்கள் எடுத்துச் சொன்னால் அது பிரச்சாரம் ஆகிவிடும்.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரி. பத்து ஆட்டம் போதும். அதில் இரண்டுக்காவது அவரையும் கூட்டிப்போங்கள். வர மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

2024 சீசனின் முதல் ஆட்டம் எங்கே என்று கவனித்திருப்பீர்கள். மார்ச் 20, சியோல், பாட்ரேஸும் டாட்ஜர்ஸும். கிம் தன் சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால் உங்கள் சட்டையில் இறங்குவார், ஒட்டானி பையனின் சட்டையில். அங்கே சாயங்காலம் என்றால் உங்கள் ஊரில் விடிவதற்கு வெகு முன்னால். அவனை எழுப்பி, பாலைச் சுடவைத்து, ஒரே போர்வைக்குள் உட்காருங்கள். சத்தம் மட்டும் குறைவாக இருக்கட்டும். விடிந்ததும் அவனுக்குப் பள்ளிக்கூடம், உங்கள் மனைவிக்குத் தூக்கம்.