வேகமா போறவர கடைசியில வைங்க: கடல் கயாக் கேள்வி-பதில்

இந்தத் தடவை எடுத்துருக்குற கேள்விங்க எல்லாமே கொஞ்சம் வருஷமா கடல்ல கயாக், அதாவது உக்காந்து துடுப்பு போடுற ஒடுக்கமான படகு, ஓட்டிட்டு இருக்குறவங்க அனுப்புனது. புதுசா பழகுறவங்க கேள்விய அடுத்த தடவை பாக்கலாம். படிச்சுப் பாத்தா பாதிக்கு மேல, பொருளப் பத்தி ஆரம்பிச்சு கடைசியில கூட வர்ற ஆளுங்களப் பத்தித்தான் வந்து நிக்குது. அது சரியான கவலைதான், நானும் அதப் பத்தியே அதிகமா எழுதிருக்கேன்.

ராமநாதபுரத்துலேர்ந்து ஒரு தம்பி: நாங்க அஞ்சு பேர் ஞாயித்துக்கிழமைல சேந்து போவோம். எங்கள்ல ஒருத்தர் எப்பவும் அரை கிலோமீட்டர் முன்னாடி போயிடுறாரு. எங்களுக்கு கத்துக்குடுத்ததே அவர்தான், வயசுலயும் பெரியவர், எப்படிண்ணே சொல்றது?

கடல்ல வச்சு சொல்லாதீங்க தம்பி, கரையில படகு இறக்குறதுக்கு முன்னாடி டீ குடிக்கிறப்போ சொல்லுங்க. சொல்றதயும் குறையா சொல்ல வேணாம், வேலையா குடுங்க: "அண்ணே இன்னிக்கு நீங்க கடைசியில வாங்க, இழுக்குற கயிறு உங்ககிட்டதான் இருக்கு, எங்களுக்கு ஏதாவது ஆனா நீங்கதான் பாக்கணும்"னு. கூட்டத்துலயே பலமான ஆளு பின்னாடிதான் வரணும், ஏன்னா பின்னாடி இருக்குறவருக்குத்தான் எல்லாரும் கண்ணுல தெரிவாங்க, முன்னாடி போறவர் திரும்பிப் பாத்தாதான் உண்டு. கயாக்ல உக்காந்துட்டா நம்ம கண்ணு தண்ணிக்கு மேல மூணடி கூட இருக்காது, கொஞ்சம் அலை எழும்பிட்டாலே தண்ணிக்குள்ள கிடக்குறவன் தலை நூறு மீட்டர் தாண்டி தெரியுறது கஷ்டம், காத்துக்கு எதிர்ல கத்துனா சத்தமும் போய்ச் சேராது. அரை கிலோமீட்டர் முன்னாடி போறவரு உங்களப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு கடலுக்கே வரலன்னுதான் அர்த்தம்.

விசில் எல்லார் லைஃப் ஜாக்கெட்லயும் தொங்கணும், பையில இல்ல. ஒரு ஊது ஊதுனா என்னப் பாருங்க, மூணு ஊது ஊதுனா ஆபத்து. துடுப்ப நெட்டுக்குத்தா தூக்கிப் புடிச்சா எல்லாரும் என்கிட்ட வாங்க. இத கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் பேசிக்கங்க, தெரிஞ்ச ஆளுங்கதானேன்னு விட்டுறாதீங்க.

இன்னொண்ணு, இது நிறைய கூட்டத்துல நடக்குது. முன்னாடி போறவங்க நின்னு காத்திருப்பாங்க, கடைசி ஆளு மூச்சு வாங்கிட்டு வந்து சேந்த உடனே "சரி கிளம்பலாமா"ம்பாங்க. ஓய்வு வேணும்னு இருக்குற ஒரே ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆளு வந்து தண்ணி குடிச்சு, அவரே "போலாம்"னு சொல்ற வரைக்கும் யாரும் துடுப்ப எடுக்கக் கூடாது.

பரமக்குடியிலேர்ந்து: ஜூலை மாசம் ஆரியமான்ல போய்ப் பாத்தா தண்ணி தகடு மாதிரி கிடக்கு. அதே நாள்ல தனுஷ்கோடி பக்கம் நிக்கவே முடியல. அப்போ வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் தாராளமா போலாம்தானே?

இதுக்குத்தான் இந்தத் தடவை கொஞ்சம் நீளமா பதில் எழுதணும்னு நெனச்சேன். கச்சான் காத்து மேக்குலயும் தென்மேக்குலயும் இருந்து அடிக்குது. தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாவுல, அது கரையப் பாத்து வர்றதால அலையா தெரியுது, பயந்து நாமளே போறதில்ல. வடகடல்ல அதே காத்து நிலத்து மேலேர்ந்து கடலுக்குள்ள போகுது. கரையில இருக்குற சவுக்கும் பனையும் காத்த மறைச்சிரும், முதல் முன்னூறு மீட்டர் தண்ணி அசையாம கிடக்கும். தள்ளிப் போகப் போக காத்து கீழ இறங்கி தண்ணியப் புடிக்கும். கரையில நின்னு பாக்குறப்போ உங்களுக்குத் தெரியுறது அலையோட முதுகு மட்டும்தான், வெள்ளை முகம் எல்லாம் அந்தப் பக்கம் பாத்து இருக்கும், அதனாலதான் தகடு மாதிரி தோணுது.

போறப்போ காத்து முதுகுல தள்ளும், நமக்கு இன்னிக்கு நல்லா ஓடுதேன்னு இருக்கும். திரும்புனாத்தான் தெரியும். நல்லா பழகுன ஆளு அமைதியான தண்ணியில மணிக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர் போவாரு, எதிர்ல பதினஞ்சு நாட்டிகல் மைல் வேகத்துல, அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர்ல, காத்து அடிச்சா அந்த வேகம் பாதி கூட நிக்காது, கை ஓஞ்சுபோய் ஒரு நிமிஷம் நிறுத்துனா பின்னாடி போயிருப்பீங்க. பாக் விரிகுடா ஆழம் கம்மி, அதனால அலை குட்டையா, செங்குத்தா, அடுத்தடுத்து வரும், படகு ஒண்ணுல ஏறி இறங்குறதுக்குள்ள அடுத்தது மூஞ்சியில அடிக்கும்.

கச்சான் காலத்துல நாட்டுப்படகுக்காரங்க வடகரைக்கு மாறி தொழில் பாக்குறாங்களே, அவங்க போகலையான்னு கேப்பீங்க. அவங்ககிட்ட இஞ்சின் இருக்கு, நம்மகிட்ட ரெண்டு தோளுதான். அதுக்காக போகவே கூடாதுன்னு சொல்லல. காலையில வெள்ளனவே இறங்குங்க, மொதல்ல மேற்குப் பக்கமா, காத்துக்கு எதிரா, கரைய ஒட்டியே போங்க, திரும்புறப்போ காத்து உதவி பண்ணும். இறங்குன கொஞ்ச தூரத்துலயே ஒரு தடவை கரையப் பாத்துத் திருப்பி அஞ்சு நிமிஷம் துடுப்பு போட்டுப் பாருங்க, அப்பவே கஷ்டமா இருந்தா அன்னிக்கு அவ்வளவுதான், படகத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் தினமும் காத்து, அலை முன்னறிவிப்பு போடுறாங்க, அத முந்தின நாள் ராத்திரியே பாத்துருங்க. அதுல மத்தியானம் என்ன வேகம்னு பாக்கணும், காலையில இருக்குற வேகத்த மட்டும் பாத்துட்டுக் கிளம்பாதீங்க.

தொண்டியிலேர்ந்து: ஃபைபர் படகா பிளாஸ்டிக் படகா? இந்த வெயில்ல ஸ்ப்ரே ஸ்கர்ட் (உக்கார்ற குழிக்குள்ள தண்ணி புகாம இடுப்பச் சுத்தி மூடுறது) போடணுமா?

நம்ம கரையில பாரும் (கடலடிப் பாறைத்திட்டு) முருகைக்கல்லும் (பவளப்பாறை) சிப்பியும் ஜாஸ்தி, இழுத்து இறக்கி இழுத்து ஏத்துற ஆளுங்களுக்கு பிளாஸ்டிக்தான் நிம்மதி. ஃபைபர் எடை கம்மி, தண்ணிய அழகா வெட்டிட்டுப் போகும், நாலு பேர் சேந்து தூக்கி வைக்கிற பழக்கம் உங்க கூட்டத்துல இருந்தா வாங்குங்க. எதுவா இருந்தாலும் முன்னயும் பின்னயும் தடுப்புச் சுவர் வச்ச காத்தறை இருக்கணும், படகச் சுத்தி புடிக்கிறதுக்குக் கயிறு ஓடணும். இது ரெண்டும் இல்லாத படகு குளத்துக்குத்தான். 1932ல ஜெர்மனியிலேர்ந்து கிளம்புன ஆஸ்கர் ஸ்பெக் ஏழு வருஷம் கழிச்சு 1939ல ஆஸ்திரேலியா பக்கம் போய்ச் சேந்தாரு, மடக்கி எடுத்துட்டுப் போற துணி-ரப்பர் கயாக்லதான். படகோட விலையப் பத்தி ரொம்ப யோசிக்கிறவங்களுக்காக இதச் சொல்றேன்.

ஸ்கர்ட் வேர்க்கும், ஆமா. அமைதியான நாள்ல கழட்டி பின்னாடி டெக்ல சொருகி வைங்க, ஆனா படகுல இருக்கணும், அலை எழும்புனா போடணும். ஸ்கர்ட்ட கழட்ட முன்னாடி இருக்குற வளையம் வெளிய தெரியுற மாதிரி போட்டுருக்கான்னு பக்கத்துல இருக்குறவர் பாத்துச் சொல்லணும், உள்ள மடிஞ்சு போயிருந்தா கவுந்தப்போ கழட்ட முடியாது. வெளிநாட்டு வீடியோவுல காட்டுற குளிர் தாங்குற உடை நமக்கு வேணாம், நமக்கு எதிரி வெயில்தான். முழுக்கை சட்டை, கழுத்து மூடுற தொப்பி, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி, ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட்.

கீழக்கரையிலேர்ந்து: வருஷக்கணக்கா கயாக் ஓட்டுறேன், இன்னும் ரோல் (கவுந்த படக உள்ள இருந்துக்கிட்டே நிமித்துறது) வரல. கூட வர்ற பசங்க எல்லாரும் போடுறாங்க. நான் அனுபவசாலின்னு சொல்லிக்கலாமா?

சொல்லிக்கலாம். ரோல் நல்ல வித்தை, கத்துக்கங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அலை எழும்புன கடல்ல எது கவுத்துச்சோ அதுதான் திரும்பவும் கவுக்கும், களைச்சுப்போன ஆளுக்கு ரோல் வர்றதும் சந்தேகம். நான் ஒரு ஆள எடை போடுறது வேற விஷயத்துல: பக்கத்துல இருக்குறவன் கவுந்தா எத்தனை நிமிஷத்துல அவன மறுபடி படகுல உக்கார வைக்கிறாரு?

கவுந்தவன் மொதல்ல பண்ண வேண்டியது படகயும் துடுப்பயும் விடாமப் புடிக்கிறது. காத்துல காலிப் படகு நீச்சல் அடிக்கிறவனவிட வேகமா ஓடிரும். நீங்க அவன் படகோட அணியத்துக்கு (முன் முனைக்கு) நேர் குறுக்கா போங்க. அவன உங்க படகுக் கயிறயோ அவன் படகோட பின்தலையவோ புடிச்சுக்கச் சொல்லுங்க. குப்புறக் கிடக்குற படகோட அணியத்த உங்க மடிக்கு முன்னாடி டெக் மேல இழுத்து ஏத்துங்க, காக்பிட்ல, அதாவது உக்கார்ற குழியில, இருக்குற தண்ணி தானா கொட்டிரும், பின்னாடி தடுப்புச் சுவர் இருக்கணும்னு மேல சொன்னது இதுக்குத்தான். நிமித்தி, தண்ணியில தள்ளி, அவன் படகு உங்களுக்கு எதிர்த்திசையப் பாத்து பக்கத்துலயே நிக்கிற மாதிரி திருப்பி, அவன் காக்பிட் விளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சு உங்க முழு எடையயும் அது மேல சாச்சுருங்க. பாதி எடை போட்டா ரெண்டு பேரும் போயிருவீங்க, முழுசா சாஞ்சா ரெண்டு படகும் சேந்து பலகை மாதிரி நிக்கும். அவன் காலால தண்ணிய உதைச்சு பின் டெக்ல குப்புறப் படுத்து, காலை உள்ள விட்டு, உங்க பக்கமா திரும்பி உக்காரணும். ஸ்கர்ட் போட்டு, தண்ணி இறைச்சு, அவன் துடுப்ப கையில வாங்கி "ம்"னு சொன்ன அப்புறம்தான் விடணும்.

பழகுன ரெண்டு பேரு இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாங்க. ஆனா அமைதியான தண்ணியில மட்டும் பழகுனா போதாது. கரையோரமா, காத்து கரையப் பாத்து அடிக்கிற நாளாப் பாத்து, சின்ன அலையில மாத்தி மாத்திக் கவுந்து பழகுங்க. ரோல் போடுற உங்க பசங்களயும் இதுக்குக் கூப்பிடுங்க, அவங்கள்ல எத்தனை பேருக்கு இது வருதுன்னு பாருங்க.

மண்டபத்துலேர்ந்து: பாம்பன் பாலத்துக்கு அடியில குறுக்க போலாமா?

போர்ட் ஆபீஸ்ல கேக்காம வேணாம். அங்க தென்கடலுக்கும் வடகடலுக்கும் தண்ணி மட்டம் சமமா இருக்குறதில்ல, அதனால நீரோட்டம் இழுக்குது, பொதுவா கச்சான் காலத்துல தெக்கேர்ந்து வடக்க, வாடைக் காலத்துல (வடகிழக்குப் பருவக்காத்து) வடக்கேர்ந்து தெக்க. காத்து ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப் பக்கம்னு இருந்தா அலை எழும்பி நின்ன இடத்துலயே உடையும். 1988 ரோட்டுப் பாலத் தூணு, 2025ல திறந்த புது ரயில் பாலத் தூணு, 1914 ரயில் பாலத்துல இன்னும் எடுக்காத தூணு எதுவும் இருந்தா அதுவும், அடியில பாறை வேற. எங்கயாவது ஓட்டம் உங்கள தூண் மேல தள்ளுனா தூணுப் பக்கமா சாஞ்சு கையால அணைச்சுக்கங்க, பயத்துல எதிர்ப்பக்கம் சாஞ்சா தண்ணி படகு மேல ஏறி கவுத்துரும்.

ரெண்டு மூணு பேர் கேட்டது: தீவுல ஒரு ராத்திரி டென்ட் போடலாமா?

கூடாது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல இருக்குற 21 தீவும் 1986லேர்ந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கிறதே குத்தம். அலையாத்திக் காட்டுக்குள்ள துடுப்பு போட ஆசைன்னா தொண்டிக்குத் தெக்க காரங்காட்டுக்குப் போங்க, வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து நடத்துறாங்க, காசு ஊருக்குப் போகுது.

ஏர்வாடியிலேர்ந்து: வலை போட்டுருக்குற இடத்துல போனா மீனவங்க சத்தம் போடுறாங்க. என்ன பண்றது?

அவங்க சத்தம் போடுறது நியாயம். உங்க சுக்கான் மாட்டி வலை அறுந்துச்சுன்னா அது அவங்க அன்னிக்குச் சாப்பாடு. மிதவை வரிசை தெரிஞ்சா நடுவுல புகாம கடைசி மிதவையச் சுத்திப் போங்க, சுத்த முடியலன்னா சுக்கானத் தூக்கிட்டு மெதுவா மிதந்து தாண்டுங்க. இறங்குற ஊர்ல மொதல்ல கரையில உக்காந்து வலை பாக்குற பெரியவர்கிட்ட போய், "அய்யா, இந்தப் பக்கம் போயிட்டு இத்தனை மணிக்கு வர்றோம், காத்து எப்படி இருக்கும்"னு கேளுங்க. முன்னறிவிப்புல இல்லாதத அவரு சொல்லுவாரு. நேரத்துக்கு நீங்க வரலன்னா மொதல்ல கடலப் பாக்குறதும் அவராத்தான் இருக்கும். கோஸ்ட் கார்டு 1554, கடலோரப் பாதுகாப்பு 1093, ரெண்டு நம்பரும் போன்ல இருக்கட்டும், போன் தண்ணி புகாத உறையில உடம்போட இருக்கட்டும். ஆனா பல நேரம் மொதல்ல வந்து சேர்றது பக்கத்துல இருக்குற மீன்பிடி வள்ளம்தான்.

தேவிபட்டினத்துலேர்ந்து: ஸ்கெக் (படகு நேரா போறதுக்கு பின்னாடி அடியில இறக்குற தகடு) அடிக்கடி மண்ணு புகுந்து மாட்டிக்குது.

ஸ்கெக் தகட்டு நுனியில ஓட்டை போட்டு சின்னக் கயிறு கட்டி விடுங்க, மாட்டுனா பின்னாடி வர்றவர் ஒரு இழு இழுத்தா வந்துரும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, எண்ணெய் போடாதீங்க, மண்ணு இன்னும் ஒட்டும்.

மதுரையிலேர்ந்து ஒரு தங்கச்சி: போன தடவை நடுவுல வாந்தி வந்துருச்சு. கயிறு கட்டி இழுக்குறோம்னு சொன்னாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, வேணாம்னு நானே எப்படியோ வந்து சேந்தேன். நான் பண்ணது சரியா?

தைரியம்தான்மா, ஆனா சரி இல்ல. வாந்தி வர்றப்போ உடம்பு நிதானம் போயிரும், குனிஞ்சு துடுப்பு போட்டா இன்னும் மோசம், அடுத்து நடக்குறது கவுறதுதான். இழுத்துட்டு வர்றத விட கவுந்தவங்கள ஏத்தி அப்புறம் இழுக்குறது உங்க கூட்டத்துக்கு எவ்வளவோ கஷ்டம். லேசா தலை சுத்துறப்பவே சொல்லிட்டா பத்து நிமிஷ இழுவையோட முடிஞ்சிரும். அனுபவம் உள்ளவங்க சீக்கிரம் சொல்றாங்க, நான் பாத்தவரைக்கும் அதுதான் பெரிய வித்தியாசம்.

உங்க கூட்டத்துல இருக்குறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன். வாந்தி எடுக்குற ஆள தனியா கட்டி இழுக்காதீங்க. ஒருத்தர் அவங்க படகோட படக ஒட்டிப் புடிச்சுக்கணும், இன்னொருத்தர் ரெண்டயும் சேத்து இழுக்கணும். கயிறு பதினஞ்சு மீட்டர் இருக்கட்டும், குட்டையா இருந்தா பின்னாடி படகு அலையில சறுக்கி முன்னாடி இருக்குறவர் முதுகுல வந்து இடிக்கும். இழுக்குறவர் இடுப்பு பெல்ட் ஒரே இழுவையில கழலணும், கத்தி கை எட்டுற இடத்துல இருக்கணும். கால் மணிக்கு ஒரு தடவை ஆள மாத்திக்கங்க.

நீங்க அடுத்த தடவை இறங்குறதுக்கு முன்னாடி யார் கிட்ட கயிறு இருக்குன்னு கேட்டு வச்சுக்கங்க தங்கச்சி. வயித்தப் பொரட்டுற மாதிரி இருந்தா அடிவானத்தப் பாத்துக்கிட்டே அவங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.