ஹாலோ பாடி கிட்டார் செய்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முதல் கிட்டார் செய்யப் போகிறேன். உள்ளே முழுக்கக் காலியான முழு ஹாலோவா, நடுக்கட்டை வைத்ததா?

பதில்: நடுக்கட்டை வைத்ததையே செய்யுங்கள் தம்பி. கிப்சன் கம்பெனியின் முழு ஹாலோ கிட்டாரான இஎஸ்-175 வந்தது 1949இல். உள்ளே வெறும் கூடு. சின்ன அறையில் ஜாஸ் வாசிக்க அருமையாக இருக்கும். ஆம்பில் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில்) சத்தத்தைக் கூட்டினால்தான் வினை: ஸ்பீக்கர் சத்தத்தில் மேல்பலகை அதிரும், தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அந்த அதிர்வையும் மறுபடி ஆம்புக்கே அனுப்பும், ஊளை தொடங்கிவிடும். 1958இல் வந்த இஎஸ்-335இல் நடுவே நெடுக மேப்பிள் கட்டையை ஓடவிட்டு அந்தத் தொல்லையைக் குறைத்தார்கள். செய்கிறவனுக்கும் இதில் லாபம் உண்டு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைத் திருகவும் நெக்கைப் பொருத்தவும் கெட்டியான மரம் கிடைக்கிறது.

கேள்வி: மேல்பலகைக்கு ஒட்டுப்பலகை மட்டம் என்கிறார்களே?

பதில்: மேலே சொன்ன இரண்டுமே ஒட்டுப்பலகைதான்! கடையில் வாங்கும் தட்டை பிளைவுட்டை வளைத்தால் மேல்பலகைக்கு வேண்டிய மேடு வராது, அவ்வளவுதான். வீனியர் (மெல்லிய மரத் தகடு) வாங்கி, மேடான அச்சில் அழுத்தி நீங்களே ஒட்டுங்கள்.

கேள்வி: விலாப்பலகை (கிட்டாரின் பக்கவாட்டுப் பலகை) இடுப்பு வளைவில் வெடிக்கிறது. மேப்பிள், 3 மி.மீ.

பதில்: தடிமன் அதிகம். 2 மி.மீ.க்கு இழையுங்கள். அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் என்றால் இன்னும் சற்றுக் குறைக்கலாம், அதில் நார் நேராக ஓடாது. பலகையை வைத்து வளைக்கும் இரும்புக் குழாயைச் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படர்ந்து சொய்யென்று ஆவியானால் சூடு போதாது. முத்தாக உருண்டு ஓட வேண்டும். பலகையை ஊறப்போட வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தாலே போதும். வெளிப்பக்கம் மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்து வளைத்தால் நார் பிளந்து எழாது. மரம் இளகுவது கைக்கே தெரியும். அதுவரை பொறுக்காமல் அழுத்துகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வெடிக்கிறது.

கேள்வி: சார், சென்னையில் நவம்பர் மழையில் நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடித்தேன். பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

பதில்: சுரண்டாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து லேக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. காய்ந்த நாளாகப் பார்த்து, ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மெலிதாகத் தெளியுங்கள். படலம் இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் வெளுப்பும் போய்விடும். அடுத்தடுத்த கோட்களிலும் ரிட்டார்டர் கலந்துகொள்ளுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. துணி மாஸ்க் உதவாது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள்.

கடைசி கோட்டுக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் அப்படியே தொங்கவிடுங்கள். முதல் வாரத்திலேயே காய்ந்த மாதிரிதான் இருக்கும். அதை நம்பி உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினால், பின்னால் படலம் சுருங்கி மரத்தின் துளைகள் எல்லாம் மேலே தெரியும். அதற்காகக் கோட்டுக்கு மேல் கோட்டாகக் கனமாக ஏற்றியும் விடாதீர்கள். கண்ணாடிபோல் மின்னும், மேல்பலகை வாயடைத்துப்போகும். எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவே பிடிக்காது.

ஸ்பிரே கன் இல்லையென்றால் அரக்கு இருக்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தேய்ப்பது. பழைய நாற்காலிகளுக்குப் போட்ட அதே பாலிஷ். வியர்வை பட்ட இடம் மங்கும். ஆனால் மங்கிய இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்தால் புதுக் கோட் பழையதோடு கலந்துவிடும்.

கேள்வி: பின்பலகையை மூடிவிட்டேன். வயரிங்கை எப்படி உள்ளே விடுவது?

பதில்: மேல்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாகத்தான். வால்யூம் போன்ற கன்ட்ரோல்களின் துளைகளை ஓர் அட்டையில் அப்படியே குறித்து, எல்லாவற்றையும் அதில் மாட்டி சால்டர் செய்து, ஆம்பில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய ரப்பர் குழாயை வால்யூம் துளையில் நுழைத்து எஃப் துளை வழியே வெளியே எடுங்கள். அதைக் கன்ட்ரோலின் தண்டில் இறுக்கமாகச் செருகி மெதுவாக இழுத்தால் தண்டு தன் துளையில் வந்து நிற்கும். தூரத்தில் இருப்பதை முதலில் இழுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது.

பதில்: தந்திகளுக்கு எர்த் போகவில்லை. மரப் பிரிட்ஜ் வைத்திருப்பீர்கள், அது மின்சாரம் கடத்தாது. வால்யூம் கன்ட்ரோலின் முதுகிலிருந்து ஒரு வயரை, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு அடியில் கொண்டுபோய் உலோகத்தில் படும்படி திருகி இறுக்குங்கள். அதன்பின் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும்.