மூன்றாம் முறை எழுதுவதற்கு முன், அவள் கேட்டதைக் கேளுங்கள்

சென்ற வாரம் படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் ஒரு குடும்பம் வந்திருந்தது. மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எழுத வைப்பதா, வீட்டை அடமானம் வைத்து எங்காவது சேர்த்துவிடுவதா என்று தாய்க்குத் தூக்கமில்லை. தந்தை வாய் திறக்கவில்லை. உடன் வந்த பெரியப்பாதான் பேசினார். "வம்சத்தில் ஒரு டாக்டராவது வேண்டாமா?" என்று நான்கு முறை கேட்டார்.

அந்தப் பெண் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "பாட்டியின் முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்து நடந்து தேய்ந்தது என்கிறார்கள். நடந்தால்தான் மூட்டு நன்றாக இருக்கும் என்றும் சொல்கிறார்கள். தன் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அங்கிருக்கும் செல்லுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டரானால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று பெரியப்பா முடித்துவிட்டார்.

தெரியாது, அம்மா. ஆறுதல் சொல்லித்தான் உங்களை அனுப்பினேன், அது தவறு. மருத்துவப் படிப்பு அவளுக்கு வலியைக் குறைக்கவும், பயிற்சி சொல்லித்தரவும், கடைசியில் மூட்டை மாற்றவும் கற்றுத்தரும். அரிய தொழில்தான். ஆனால் மூட்டுத் தேய்மானத்தின் போக்கையே நிறுத்தக்கூடிய மருந்து இன்றுவரை அங்கீகரிக்கப்படவில்லை. ஏன் இல்லை என்ற கேள்விதான் உங்கள் மகளுடையது. அதற்கு வேறு வாசல் இருக்கிறது.

மருத்துவம், கணினி, கணக்குத் தணிக்கை பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல உறவினர்களே போதும். நான் சொல்வது விசை உயிரியல்: அழுத்தத்தையும் இழுவிசையையும் செல்கள் எப்படி உணர்கின்றன என்று ஆராயும் துறை. அதில் அவள் கேள்விக்கு நேராகப் போய் நிற்கும் இடம், குருத்தெலும்புச் செல்லின் முதன்மைக் குறு இழை.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. பெரும்பகுதி நீர், மீதி கொலாஜன் இழைகளும், நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறும். அதற்குள் ஆங்காங்கே தனித்தனியாகப் புதைந்து கிடக்கும் சில செல்கள்தான் அந்தத் திசு முழுவதையும் பராமரிக்க வேண்டும். அவை ஒவ்வொன்றிலிருந்தும் பொதுவாக ஒரே ஒரு நுண்ணிய இழை நீண்டிருக்கும், அதுதான் முதன்மைக் குறு இழை. நீளம் சில மைக்ரோமீட்டருக்கு மேல் போகாது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் குறு இழைகளுக்கு நடுவில் ஒரு ஜோடி நுண்குழல்கள் உண்டு, இதற்குக் கிடையாது. சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்கள் மட்டும். ஆகவே இது துடுப்புப் போடாது.

1898இல் சிம்மர்மன் என்ற உடற்கூற்றியலாளர் இத்தகைய இழைகளை விவரித்து, இவை உணர்வுக்கானவையாக இருக்கலாம் என்றார். 1968இல் சோரோகின் 'முதன்மைக் குறு இழை' என்று பெயர் வைத்தார். ஆனாலும் பரிணாமத்தின் மிச்சம் என்றே பலர் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். திருப்பம் ஒரு பாசியிலிருந்து வந்தது. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியின் இழைக்குள் சரக்கு மேலும் கீழும் ஏற்றியிறக்கப்படுவதை 1993இல் கண்டார்கள். அந்தச் சரக்குப் போக்குவரத்துக்கு வேண்டிய ஐஎஃப்டி88 என்ற புரதம் குறைபட்டால் எலியின் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகின்றன என்பது 2000இல் தெரிந்தது. குளத்துப் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் "இதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்று எத்தனை பெரியப்பாக்கள் கேட்டிருப்பார்களோ!

இப்போது முழங்காலுக்கு வருவோம். குருத்தெலும்புச் செல்லை அழுத்தினால் அது ஏடிபி என்ற மூலக்கூறைச் செய்தி போல வெளியே விடுகிறது. அதைத் தொடர்ந்து செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அக்ரிகன் உற்பத்தி கூடுகிறது. இழை இல்லாத எலிச் செல்களை அழுத்திப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. அந்தச் செல்களும் ஏடிபியை விட்டன. ஆனால் கால்சியம் ஏறவில்லை, அக்ரிகனும் கூடவில்லை. அழுத்தத்தை முதலில் உணர்வது இந்த இழை அல்ல. எழுந்த செய்திக்குச் செல் பதில் சொல்ல இழை வேண்டும். உங்கள் மகள் கேட்டதற்குப் பாதி விடை இது. மறுபாதி இன்னும் திறந்தே கிடக்கிறது.

நோயுற்ற குருத்தெலும்பில் கதை சிக்கலாகிறது. தேய்ந்த பகுதிகளில் இழையுள்ள செல்கள் கூடுகின்றன, இழைகளும் நீள்கின்றன. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பட்டாலும் இழை நீள்கிறது. கருவிலேயே குருத்தெலும்பில் இழையை நீக்கிய எலிக்கு மூட்டுக் குருத்தெலும்பு தடித்து, ஆனால் மென்மையாகி, தேய்மானத்தின் அடையாளங்களோடு வளர்கிறது. ஹெட்ஜ்ஹாக் என்ற செய்திப் பாதையும் இந்த இழை வழியாகத்தான் ஓடுகிறது. அதைத் தடுத்தபோது எலிகளில் தேய்மானம் குறைந்தது. உடனே மருந்தாக்கிவிடலாமே என்று தோன்றும். அதே பாதையைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகள் குழந்தைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டுகளைக் காலத்துக்கு முன்பே மூடிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் வருகின்றன. எல்லிஸ்–வான் கிரெவெல்ட் நோய்க்குறியில் குட்டையான கைகால்களும் கூடுதல் விரல்களும் தோன்றுவதும் இந்த இழையின் அடிப்பகுதிப் புரதங்களில் பிழை நேர்வதால்தான்.

இதற்குள் நுழைய உயிரணு உயிரியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ இளநிலையில் போதும். ஆனால் கணிதத்தை விட்டுவிடக் கூடாது; விசை, இறுக்கம், பாகுத்தன்மை புரியாதவர் இங்கே பார்வையாளராகத்தான் நிற்க முடியும். நுண்ணோக்கியில் கை பழக வேண்டும். இழையின் நுண்குழல்களில் உள்ள அசிட்டைல் ஏற்றிய டியூபுலின் என்ற புரதத்துக்குச் சாயமிட்டு, இழை ஒளிரும்போது முப்பரிமாணத்தில் அளந்து, அந்தப் படங்களை நிரல் எழுதி எண்ணத் தெரிந்தால், குருத்தெலும்பை விட்டுப் போனாலும் மருந்து நிறுவனங்களிலும் நுண்ணோக்கி மையங்களிலும் அந்தத் திறமை செல்லும்.

இனிக் கசப்பானது. முனைவர் பட்டம் வரை பல ஆண்டுகள் ஆகும். பிறகும் ஒப்பந்த வேலைகளே அதிகம். நிரந்தரப் பதவி பலருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உதவித்தொகை தரும் ஆய்வகத்தில் மட்டும் முனைவர் படிப்பில் சேரட்டும். கைக்காசு கட்டி அந்தப் பட்டம் வாங்க வேண்டாம். வீட்டை அடமானம் வைப்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, மருத்துவத்துக்கும் வேண்டாம், இதற்கும் வேண்டாம். கேட்காத படிப்புக்காக வாங்கும் கடனை அவள்தான் முப்பது வயதிலும் சுமப்பாள், பெரியப்பா சுமக்கமாட்டார்.

அவளுக்கு இது பிடிக்காமலும் போகலாம். அதனால் முதலில் விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வாரம் உட்காரட்டும். ஒரே மாதிரிப் படங்களில் நூற்றுக்கணக்கான இழைகளை எண்ணிச் சலித்த பிறகும் கேள்வி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் வந்து சொல்லட்டும், வேறு வழி பார்ப்போம்.

அடுத்த முறை நீங்கள் மூவரும் மட்டும் வாருங்கள். அவள் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, கவனித்தீர்களா? முழங்காலைக் குறுக்காக வெட்டிப் படம் வரைந்திருந்தாள். அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.