மார்த்தாண்டம் அருகே வீட்டில் அப்பா அம்மா மட்டும், நான் வெளிநாட்டில். வைஃபை கேமரா போதுமா, ஹாலிலும் ஒன்று வைக்கலாமா?

தம்பி, ஹால் கேமராவை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா வயசுதான் எனக்கும் இருக்கும், அதனால் சொல்கிறேன். ஷார்ஜாவிலிருக்கும் என் மகன் வாங்கித் தந்த வைஃபை கேமரா டிவிக்கு மேலே இருந்த காலத்தில், "மாத்திரை போடாம என்னம்மா நாடகம் பாக்க?" என்று போன் வரும். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொந்த வீட்டில் நைட்டியோடு நடக்கவே கூச்சமாகிவிட்டது. கழற்றி அலமாரியில் போட்டேன். அப்பா விழுந்தால் எப்படித் தெரியும் என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? கேமரா வந்து தூக்கிவிடாது.

வெளியே வைப்பதற்கு வயர் போட்ட கேமராதான். எங்கள் வீடு குலசேகரம் பக்கம், கொஞ்சம் ரப்பர் உண்டு. வீட்டிலிருந்து 100 மீட்டருக்கு மேல் தள்ளி, சரிவில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரை. அங்கே ஷீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் சாக்கும் காணாமல் போகத் தொடங்கியதும்தான் இதில் இறங்கினேன். "ரப்பர் விக்கிற விலைக்குக் கேமரா வேறயா" என்று சிரிக்கிறவர்கள், விடியுமுன் எழுந்து வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கேமரா மாட்ட வந்த பையன் புகைப்புரை வரை லேன் கேபிளை இழுக்கப் பார்த்தான். படமும் கரண்டும் ஒரே கேபிளில் போகிற பிஓஇ முறைக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைவிட, இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி ஓடினால் ஐப்பசி இடி அந்த வழியாகவே வந்து, வீட்டில் படம் பதிவாகிற ரெக்கார்டரைத் தின்றுவிடும். அந்த லைனை மட்டும் ஃபைபரில் போடு என்றேன். கண்ணாடி இழையில் கரண்டு ஏறாது. அங்கே பல்பு எரிகிற லைனிலிருந்து கேமராவுக்குக் கரண்டு. இடி விழுந்தால் அந்த ஒரு கேமராவோடு போகட்டும். "அம்மைக்கு இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?" என்றான். ரெக்கார்டரும் மோடமும் இன்வெர்ட்டரில். 2017 ஓகிப் புயலுக்குப் பிறகு நான் கரண்டை நம்புவதில்லை.

கேட் கேமராவுக்கும் வாக்குவாதம். மொட்டைமாடி விளிம்பில் வைத்தால் எல்லாம் தெரியும் என்றான். தெரியும், குடை தெரியும். இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் பாதி வருஷம் ஆள் குடைக்குள்தான் வருவான். சன்ஷேடுக்குக் கீழே, எட்டடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். லென்ஸும் 2.8 எம்எம் வேண்டாம்; முற்றம் முழுக்க வரும், முகம் வராது. கேட்டுக்கு 4 அல்லது 6 எம்எம்.

ராத்திரி அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை படத்தில் வெள்ளை வெளேரென்று ஆடும், உடனே ஷார்ஜாவில் அலாரம் அடிக்கும். துரட்டிக் கம்பில் வாரியலைக் கட்டி அடிக்கடி தட்டிவிடுகிறேன். ஆள் வந்தால் மட்டும் அறிவிக்கிற வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

நாலு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 1 டிபி டிஸ்க்கில் 11 நாள் பதிவுதான் நிற்கும். லீவுக்கு வந்துதான் பார்ப்பேன் என்றால் பத்தாது. மாட்டியவன் போட்ட பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். முட்டத்தில் தங்கச்சி வீட்டில் உப்புக்காற்றுக்குத் திருகெல்லாம் துருப்பிடித்துக் கேமரா தலைகுப்புறத் தொங்கியது. கடற்கரைப் பக்கம் என்றால் துருப்பிடிக்காத திருகு போடச் சொல்லுங்கள்.

நான் டெக்னீஷியன் இல்லை, கடை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுடையது ஐந்து சென்ட் வீடு என்றால் ஃபைபரெல்லாம் எதற்கு, சாதாரண டிவிஆர் ரெக்கார்டர் போதும்.

ஒன்று மட்டும். ரோடு தெரிகிற மாதிரி கேமரா வைத்தால் ஊரில் எது நடந்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எங்கள் வளைவில் பைக் ஒன்று இடித்துவிட்டுப் போனதற்கு, சீருடையில் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, பென்டிரைவில் ஏற்றியும் கொடுத்தேன். பேத்தியின் ஆண்டு விழா டான்ஸும் அதில்தான் இருந்தது. திருப்பிக் கேட்டுப் போனால் எழுத்தர் லீவாம். போன வாரமும் லீவுதான்.