பெற்றோர் தராத மரபணுக்கள்: கேள்வி பதில்

மரபணு என்றால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்றுதான் பள்ளியில் படித்தோம். உறவே இல்லாத ஓர் உயிரிடமிருந்து இன்னோர் உயிருக்கு மரபணு தாவுவதும் உண்டு. கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம் என்று அதைச் சொல்கிறோம். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவன். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சேலம், ஏற்காடு, ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபி விவசாயி: பெர்ரி போரர் விழுந்தால் கொட்டையை உள்ளே குடைந்து பொடியாக்கிவிடுகிறது. காபிக் கொட்டை அவ்வளவு கெட்டி, அதில் காஃபின் வேறு. அதை மட்டுமே தின்று இந்தச் சின்ன வண்டு எப்படிப் பிழைக்கிறது சார்?

அருமையான கேள்வி ஐயா. நம் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காபிக் கொட்டையில் இருக்கும் மாவுப்பொருளில் பெரும்பகுதி கேலக்டோமேனன் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி. கொட்டை கல் மாதிரி இருப்பதற்கும் அதுதான் காரணம். சாதாரணமாகப் பூச்சிகளிடம் இதை உடைக்கும் நொதி இருக்காது. காபி போரரிடம் இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். காபியைத் தின்னாத அதன் நெருங்கிய சொந்தக்கார வண்டில் தேடிப் பார்த்தார்கள், அங்கே இல்லை. அப்புறம், அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளும் இருந்தன. வந்த வழிக்கு அவை ஒரு தடயம்.

தாய் வண்டு காயின் நுனியில், பூ உதிர்ந்த தடத்தில் துளை போட்டு உள்ளே போய் முட்டையிடுகிறது. புழு வளர்வது, கூட்டுப்புழுவாவது, வண்டாவது எல்லாமே கொட்டைக்குள்தான். வேறு சாப்பாடே தேவையில்லை. அந்த வாழ்க்கைக்கு இந்த ஒரு மரபணு எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள்.

காஃபின் விஷயம் வேறு. அதைச் சிதைப்பது வண்டு இல்லை, அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்கள். 2015-இல் இதைக் காட்டினார்கள். ஒரு வேலைக்கு பாக்டீரியாவின் மரபணுவையே சொந்தமாக்கிக்கொண்டது, இன்னொரு வேலைக்கு பாக்டீரியாவையே வயிற்றில் வைத்திருக்கிறது. இந்தியாவில் இந்தப் பூச்சியை முதலில் பார்த்தது 1990-இல், கூடலூர்ப் பக்கம். அறுவடை முடிந்ததும் செடியில் மிஞ்சிய காயையும் கீழே உதிர்ந்ததையும் ஒன்றுவிடாமல் பொறுக்கச் சொல்வது இதனால்தான். அதன் வீடும் சாப்பாடும் அந்தக் காய்தான்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு முதுகலை மாணவி: பூச்சியை அரைத்து டிஎன்ஏ எடுக்கும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கலந்துதானே வரும்? தாவிய மரபணு என்று எப்படி நம்புவது?

சந்தேகப்படுவதுதான் சரி, அம்மா. 2015-இல் நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்தவை என்று ஓர் ஆய்வு வந்தது. உலகமே வியந்தது. சில நாட்களிலேயே எடின்பரோ குழு ஒன்று அதே விலங்கின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏவையும், தனியாகப் படித்து, அதில் பெரும்பகுதி கலந்துவிட்ட பாக்டீரியா டிஎன்ஏ என்று காட்டியது. மனித மரபணுத்தொகுதி 2001-இல் வெளியானபோதும் நம்மிடம் நூற்றுக்கணக்கான பாக்டீரியா மரபணுக்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அதுவும் நிற்கவில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது இதுதான். அந்த மரபணு விலங்கின் குரோமோசோமில் அதன் சொந்த மரபணுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதா? தாயிலிருந்து பிள்ளைக்கு ஒழுங்காகப் போகிறதா? பல ஊர்களில் பிடித்த பூச்சிகளிலும் இருக்கிறதா? இதெல்லாம் தேறினால் நம்பலாம். ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது தலைப்பைப் பார்த்து மயங்காமல் இந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

ஆத்தூரிலிருந்து ஒரு குச்சிக்கிழங்கு விவசாயி: வெள்ளை ஈக்கு எந்த மருந்தடித்தாலும் திரும்ப வருகிறது. அதற்கும் இப்படி ஏதாவது மரபணு உண்டா?

உண்டு ஐயா, இன்னும் வியப்பானது. செடிகள் பூச்சியை விரட்ட பீனால் வகை நச்சுகளைச் சேர்த்து வைக்கின்றன. தன் நச்சே தன்னைக் கெடுக்காமல் இருக்க அவற்றை அடக்கி வைக்கும் மரபணுவும் செடியிடம் உண்டு. அந்த வகை மரபணு ஒன்று வெள்ளை ஈயிடம் இருப்பதை 2021-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எப்போதோ ஒரு செடியிடமிருந்து வந்தது. செடியின் ஆயுதத்தை செடியின் பூட்டாலேயே பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாறு குடிக்கிறது. அந்த மரபணுவை அடக்கும் மூலக்கூறைத் தக்காளிச் செடியிலேயே உருவாக்கிக் கொடுத்தபோது அதைத் தின்ற வெள்ளை ஈக்கள் செத்தன. நம் வயலுக்கு இது இன்னும் வரவில்லை. நீங்கள் அடிக்கும் மருந்துக்கு ஈ பழகிப்போவது பெரும்பாலும் வேறு காரணங்களால். குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும் தேமல் நோய் ஈயால் மட்டுமில்லை, நடும் குச்சியாலும் பரவுகிறது. தேமல் இல்லாத தாய்ச்செடியில் வெட்டிய குச்சியை நடுங்கள். இப்போதைக்கு அதில் கிடைக்கும் பலன்தான் அதிகம்.

தாரமங்கலத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: மரபணு மாற்றிய காய்கறி சாப்பிட்டால் அந்த மரபணு நம் உடம்பில் ஏறிவிடாதா?

ஏறாது. சாப்பிடும் ஒவ்வொரு கவளத்திலும் டிஎன்ஏ இருக்கிறது. வயிறும் குடலும் அதைச் சிதைத்துவிடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தெரியுமல்லவா? ஆராய்ச்சிக்கூடத்தில் செடிக்கு மரபணு ஏற்ற எந்த மண் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்களோ, அந்த அக்ரோபாக்டீரியத்தின் மரபணுக்கள் அதில் இயற்கையாகவே இருக்கின்றன. சாகுபடியில் இருக்கும் 291 ரகங்களைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் இருந்தன. இதை வைத்து எல்லா மரபணு மாற்றுப் பயிரும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர்: கோழிக்குக் கொடுக்கும் மருந்துக்கும் மனிதருக்கு வரும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் தம்பி. மரபணு தாவுவது பாக்டீரியாக்களிடம்தான் மிக அதிகம். குரோமோசோமுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம் இருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்கு அதன் நகலைக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும். ஜப்பானில் 1950களில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு மசியாமல் போனதை ஆராய்ந்தபோதுதான் இது தெரிந்தது.

கொலிஸ்டின் வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து. அதை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணிப்பதை 2015-இல் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். இந்தியாவில் 2019-இல் கால்நடைக்கும் கோழிக்கும் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பண்ணையில் நோய் இல்லாதபோது வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கோழியின் குடலில் தேறிய மரபணு அங்கேயே நிற்காது.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு செவிலியர்: அப்படியானால் மனிதரிடம் வெளியிலிருந்து வந்தது எதுவுமே இல்லையா?

வைரஸ்களிடமிருந்து நிறைய வந்திருக்கிறது. நம் மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். தங்கள் மரபணுவைத் தாங்கள் புகுந்த செல்லின் டிஎன்ஏவிலேயே செருகிவிடும் வைரஸ்கள் அவை. பெரும்பாலானவை வேலை செய்யாது. ஆனால் நீங்கள் பிரசவ அறையில் பார்க்கும் நஞ்சுக்கொடி உருவாகும்போது செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகின்றன. அந்த இணைப்பைச் செய்யும் சின்சிடின் புரதத்தின் மரபணு வைரஸுடையது. வைரஸ் நம் செல்லோடு ஒட்டி உள்ளே நுழையப் பயன்படுத்திய அதே புரதம். எலிக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. அதை நீக்கினால் குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது. இதில் பெரிய வியப்பு, மனிதரிடமும் எலியிடமும் இருப்பது ஒரே வைரஸிலிருந்து வந்ததில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து, தனித்தனியாக வந்து ஒரே வேலையைச் செய்கின்றன.